நீலச் சாயமும் குடியானவனும்

1917-ம் வருஷம் ஏப்ரல் மாதம் காந்தியடிகள் பிஹாரிலுள்ள சம்பாரண் ஜில்லாவுக்குச் சென்ற வரலாற்றை அறியாத தேசாபிமானி நம்மிடையே இருக்க முடியாது. வெள்ளைக்காரத் துரைமார்கள் குடிகளைக் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிடச் செய்தார்கள்; மகாத்மா அதை எதிர்த்து நின்றார்; குடிகளின் துன்பம் நீங்கிற்று. இவ்வளவும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த வரலாற்றில் பாதி, சம்பாரணிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நடந்தது என்பதை எடுத்துச் சொல்வார் அரிது. சம்பாரண் குடியானவன் நீலம் பயிரிடச் சொன்னதற்காக மட்டும் கண்ணீர் விடவில்லை. நீலம் இனிப் பயிரிட வேண்டாம் என்று விட்டபோதும் அவனிடமே பணம் பறித்தார்கள். இந்த விசித்திரம் எப்படி நேர்ந்ததென்று அறிய, சாயத்தின் ரசாயனத்தைச் சிறிது அறிந்துகொள்வது அவசியமாகிறது. அது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விஷயமென்று நம் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அவுரி இலையைப் பறித்துக் கசக்கினால் நீலம் வராது. இலையில் இருப்பது நிறமற்ற ஒரு பொருள். அது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலையைத் தொட்டியில் போட்டு நீர் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் பிணைப்பு அறுந்து, சர்க்கரை வேறாகவும் சாயத்தின் கரு வேறாகவும் பிரிகின்றன. பச்சையும் மஞ்சளுமாகத் தோன்றும் அந்த நீரை அடுத்த தொட்டிக்கு விட்டு, கூலியாட்கள் அதில் இறங்கி நின்று துடுப்புகளால் மணிக்கணக்காக அடிப்பார்கள். அடிப்பது காற்று கலப்பதற்காக. காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் அந்தக் கருக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகி அடியில் படியும். அதைக் காய்ச்சி, பிழிந்து, கட்டிகளாக அறுத்துக் காயவைத்தால் வியாபாரச் சரக்கு தயார்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. நீலம் தண்ணீரில் கரையாது; கரையாத பொருள் நூலுக்குள் எப்படிப் புகும்? நம் ராஜதானியின் பழைய சாயக்காரர்கள் தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துச் சாலில் புளிக்கவைத்தார்கள். புளிப்பில் நீலம் ஹைட்ரஜனை ஏற்று, கரையக்கூடிய மஞ்சட்பச்சை வஸ்துவாக மாறும். அதில் நூலைத் தோய்த்து வெளியே எடுத்தால் பச்சையாக வருவது கண்முன்னே நீலமாகும். ஏட்டுப் படிப்பில்லாத தொழிலாளி, புளிப்பின் வாசனையையும் சாலின் மேல் மிதக்கும் நுரையின் நிறத்தையும் கொண்டே பதம் கண்டுவந்தான். இது ரசாயன சாஸ்திரமல்லவென்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவன் அறிந்தது கையோடு நின்றது. காரணத்தை ஆராய்ந்து எழுதி வைத்து, அடுத்த படிக்கு ஏறும் வசதி அவனுக்கு வாய்க்கவில்லை.

அந்த வசதி வாய்த்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். 1840-ல் ஃபிரிட்ஷே என்ற ரசாயனி நீலத்தைக் கடுங்காரத்தோடு சேர்த்து வடித்து, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைப் பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயர் அனிலின். போர்த்துக்கீசியர் அவுரியை அனில் என்பார்கள்; அது அராபியர் மூலம் அவர்களுக்குச் சென்ற நம் ‘நீல’ என்ற சொல்லேயாகும். உலகத்துச் செயற்கைச் சாயங்களுக்கெல்லாம் தாய்ப்பொருளாக விளங்கிய வஸ்து நம் நாட்டுச் சொல்லைத் தாங்கி நிற்கிறது. பெயர் நம்முடையது, லாபம் பிறருடையது! பின்னர் அதே அனிலினை நிலக்கரித் தாரிலிருந்தும் எடுக்கலாமென்று கண்டார்கள். நகரங்களில் வாயு விளக்கு எரிப்பதற்காக நிலக்கரியை வடித்தபோது மிஞ்சிய கரிய கழிவு அது. கொட்ட இடமில்லாமல் திண்டாடிய சரக்கு.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவன், மலேரியாவுக்கு மருந்தான கொயினாவை அனிலினிலிருந்து செய்துவிடலாமென்று முயன்றான். கொயினா வரவில்லை. கிடைத்த கரிய படிவைச் சாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. அதே வருஷம் அதற்குக் காப்புரிமை பெற்று, மறு வருஷம் தொழிற்சாலையும் தொடங்கினான். தார்ச் சாயங்களின் யுகம் இப்படித் தற்செயலாகப் பிறந்தது. ஆனால் அது வளர்ந்தது தற்செயலாக அல்ல. இங்கிலாந்து இந்தப் பிள்ளையைப் பெற்றது. சர்வகலாசாலைகளையும் தொழிற்சாலைகளையும் ஒன்றோடொன்று இணைத்து அதை வளர்த்து ஆளாக்கியது ஜெர்மனி.

முதலில் அடிபட்டது சிவப்பு. ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரும், நம் கரையோர மணலில் விளையும் இம்பூரல் என்ற சாயவேரும் துணிக்குச் சிவப்புத் தந்துவந்தன. படிகாரம் ஏற்றிய துணியில் அந்தச் சிவப்பு உறுதியாகப் பற்றும். கடுக்காயும் துணை செய்யும். சோழமண்டலக் கரையின் சித்திரச் சீலைகள் மேல்நாட்டுப் பிரபுக்களின் மாளிகைகளில் தொங்கியது இந்த வேரின் மகிமையால்தான். இலங்கையின் வடபகுதியில் டச்சுக்காரர்கள் சாயவேர் தோண்டுவதையே தங்கள் கட்டுக்குள் வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். இரு வேர்களிலும் நிறம் கொடுக்கும் பிரதான வஸ்து அலிசரின். தாரிலுள்ள ஆந்த்ரஸீன் என்ற பொருளிலிருந்து அதைச் செய்யும் வழியை கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் கண்டார்கள். 1869-ல் அது வியாபாரத்துக்கு உரிய முறையாயிற்று. அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தில் ஜெர்மானியர் பெர்கினை ஒரே நாளில் முந்திக்கொண்டனர். ஒரு தலைமுறைக்குள் தென் பிரான்ஸில் மஞ்சிட்டி வயல்கள் அழிந்தன. நம் பக்கத்தில் சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பும் போயிற்று. மதுரைச் சாயக்காரர்களும் ஜெர்மன் அலிசரினையே வாங்கித் தோய்க்கலானார்கள்.

நீலம் அவ்வளவு எளிதில் அகப்படவில்லை. மூனிச் நகரத்து பேயர் என்ற பேராசிரியர் பல வருஷம் பாடுபட்டு 1880-ல் அதைச் செயற்கையாகச் செய்தார். 1883-ல் அதன் அணு அமைப்பையும் கண்டறிந்தார். 1905-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் முறையில் செய்த நீலம் தோட்ட நீலத்தைவிட அதிக விலையாயிற்று. லுத்விக்ஷாஃபன் நகரிலுள்ள பாடிஷ் அனிலின் கம்பெனி சளைக்கவில்லை. 1890-ல் ஸூரிச்சிலிருந்த ஹாய்மன் கண்ட வேறொரு வழியைப் பற்றிக்கொண்டு, தாரில் மலிவாகக் கிடைக்கும் நாஃப்தலீனிலிருந்து, அதாவது நாம் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையிலிருந்து, படிப்படியாக நீலத்துக்குச் செல்ல முயன்றது. முதற்படியிலேயே பெரிய தடை. நாஃப்தலீனைக் கந்தகத் திராவகத்தில் காய்ச்சி தாலிக் அமிலமாக்குவது மந்தமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. ஒரு நாள் உஷ்ணமானி உடைந்து பாதரசம் பாத்திரத்தில் சிந்திற்றாம்; உடனே வேலை வேகமெடுத்ததாம். பாதரசத்தின் தூண்டுதலை அப்படிக் கண்டார்கள் என்பது அந்தத் தொழிலில் வழங்கும் பிரசித்தமான கதை. எப்படியாயினும், பதினேழு வருஷ உழைப்பும் 1 கோடியே 80 லட்சம் மார்க்கும் செலவான பின் 1897-ல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது.

அந்த வருஷம் உலகத்தில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. 1914-ல் அது 1,000 டன்னாகச் சுருங்கிவிட்டது. செயற்கை நீலம் போலிச் சரக்கு என்று அக்காலத்தில் சிலர் தூற்றினார்கள். சுதேசப் பற்றினால் இன்றும் அப்படி நினைப்பவர் உண்டு. அது சரியல்ல. இலையில் பிறந்த நீலமும் தாரில் பிறந்த நீலமும் அணுவுக்கு அணு ஒன்றே. கட்டிக்குக் கட்டி தரம் மாறாமல் இருந்ததும், விலை குறைந்ததுமே தார் நீலத்தின் வெற்றிக்குக் காரணம். பிஹார்த் துரைமார்களும் ரசாயன நிபுணர்களை வரவழைத்து ஆராய்ச்சி செய்யாமல் இல்லை. ஆனால் குடியானவனின் உழைப்பு சொற்ப விலைக்குக் கிடைத்துவந்த வரையில் அவர்களுக்கு அந்த அவசரம் தோன்றவில்லை. விழித்துக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது.

இனிக் குடியானவனிடம் வருவோம். வங்காளத்தில் முன்பணம் என்ற கண்ணியை மாட்டி நீலம் விளைவித்ததும், 1859-60-ல் குடிகள் இனி விதைக்கமாட்டோமென்று எழுந்ததும், தீனபந்து மித்திரர் 1860-ல் ‘நீல தர்ப்பணம்’ என்ற நாடகம் எழுதியதும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் லாங் ஒரு மாதம் சிறையிருந்ததும் பழங்கதை. சம்பாரணில் வழக்கம் வேறு. அதற்குத் தீன்கட்டியா என்று பெயர். ஒரு பீகா நிலத்துக்கு இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் குடியானவன் கட்டாயம் அவுரி போட வேண்டும், அதுவும் நிலத்தின் நல்ல பாகத்தில், துரை வைத்த விலைக்கு.

தார் நீலம் வந்து விலை விழுந்ததும் துரைக்கு நஷ்டம் வரவேண்டியது நியாயம். ஆனால் அவர் அதைத் தம் தலையில் விழவிடவில்லை. ‘நீலம் போடும் கடமையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்; பதிலுக்குக் குத்தகையை உயர்த்திக்கொள்’ என்று பத்திரம் எழுதி வாங்கினார். அதற்கு ஷரஹ்பேஷி என்று பெயர். குத்தகையை உயர்த்த இடமில்லாத நிலங்களில் தாவான் என்று மொத்தமாக ஈட்டுத் தொகை கேட்டார். ரொக்கமில்லாதவன் வட்டிக்குக் கடன்சீட்டு எழுதிக் கொடுத்தான். நஷ்டத்துக்குத்தான் பயிரிடுகிறோம் என்று அழுத பயிரை விடுவதற்கே குடியானவன் விலை கொடுத்தான்! ஜெர்மானியன் செய்த போட்டிக்கு அபராதம் செலுத்தியவன், ஜெர்மனி என்ற பெயரையே கேட்டறியாத ஏழை. பிறகு 1914-ல் யுத்தம் மூண்டு ஜெர்மன் சாயம் வருவது நின்று நீலத்தின் விலை ஏறியதும், துரைமார்கள் மறுபடி அவுரிப் பக்கம் திரும்பினார்கள்.

1916 டிசம்பரில் லக்ஷ்மணபுரி காங்கிரஸில் ராஜ்குமார் சுக்லர் என்ற குடியானவர் காந்தியடிகளைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடர்ந்ததும், மோதிஹாரி நீதிமன்றத்தில் அடிகள் உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டதும், சர்க்கார் வழக்கை வாபஸ் வாங்கியதும் நாடறிந்தவை. நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. ஆயிரக்கணக்கான குடிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியபின் அமைந்த விசாரணைக் கமிட்டியில் அவரும் ஓர் அங்கத்தினர். உயர்த்திய குத்தகையில் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. தாவானில் கால் பங்கு திரும்பிற்று. தீன்கட்டியா 1918-ம் வருஷச் சட்டத்தால் ஒழிந்தது. கால் பங்குதானா என்று அன்றும் கேட்டார்கள். துரை கைப்பற்றிய பணம் குடியானவனிடம் திரும்பும் என்பதே அதுவரை எவரும் காணாத காட்சி. தொகையின் அளவைவிட அந்தத் திருப்பம் பெரிதென்று அடிகள் கருதியது சரியென்றே நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிராக நம் தென்னார்க்காட்டை வைத்துப் பாருங்கள். அங்கும் அவுரி அமோகமாக விளைந்தது. அங்கும் தார் நீலம் வந்து விலையை அடித்தது. ஆனால் சென்னை ராஜதானியில் பெரும்பாலும் குடியானவன் தன் இஷ்டப்படி அவுரி போட்டான், கட்டாயமில்லை. விலை விழுந்ததும் வேறு பயிருக்கு மாறினான். அந்த ஜில்லாவில் நிலக்கடலை பெருகியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். நஷ்டமே இல்லையென்று சொல்லவில்லை. தொட்டி வைத்திருந்தவர்களும் துடுப்படித்த கூலிகளும் கஷ்டப்பட்டிருப்பார்கள். ஆயினும் விலகிக்கொள்ளும் சுதந்திரம் இருந்த இடத்தில் ரசாயனத்தின் அடி தாங்கக்கூடியதாயிருந்தது. சுதந்திரமில்லாத சம்பாரணில் அதே அடி எலும்பை முறித்தது. புதிய கண்டுபிடிப்புகள் வரும்போதெல்லாம் விஞ்ஞானத்தைத் திட்டுவோர் இந்த வேற்றுமையை நினைத்துப் பார்ப்பார்களாக.

ஆராய்ச்சியின் பலனை ஜெர்மனி எப்படி அனுபவித்தது என்பதை அந்த யுத்தமே காட்டிற்று. 1914-ல் உலகச் சாயங்களில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அங்கே செய்யப்பட்டது. தன் சிப்பாய்களின் உடுப்புக்குச் சாயம் தேட இங்கிலாந்து திண்டாட வேண்டியதாயிற்று. 1916-ல் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பலில் சாயம் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிற்று என்றால் அதன் கிராக்கியைச் சொல்லவும் வேண்டுமோ?

சுதந்திரம் வந்தபின் நாமும் வாளா இருந்துவிடவில்லை. கஸ்தூர்பாய் லால்பாய் 1947-ல் நிறுவிய அதுல் கம்பெனியின் சாயத் தொழிற்சாலையை 1952-ல் நேரு திறந்துவைத்தார். இன்று சாயங்களையும் அவற்றுக்கான இடைப்பொருள்களையும் செய்து உலகத்துக்கு விற்கும் முக்கியமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று. குஜராத் அதன் கேந்திரம். இதில் பெருமை கொள்ள நமக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் பெருமையோடு கணக்கும் பார்க்க வேண்டும்.

தார்ச் சாயங்களுக்கு ஆரம்ப முதலே ஒரு நிழல் உண்டு. 1895-ல் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் லுத்விக் ரென், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் காண்பதை எடுத்துக்காட்டினார். பென்ஸிடீன், நாஃப்தைல் அமீன் முதலிய இடைப்பொருள்களே அதற்கு முக்கியக் காரணமென்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. அப்படிப்பட்ட பொருள்களை உதிர்க்கக்கூடிய அஸோ சாயங்களை ஜெர்மனி 1990-களில் தடை செய்தது. இந்திய சர்க்காரும் அதே காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சாயங்களைக் கையாளக்கூடாதென்று விலக்கிற்று. முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே நூறு வருஷம்! அதற்குள் எத்தனை தொழிலாளிகள் பெயர் தெரியாமல் மடிந்தார்களோ?

மற்றொரு நிழல் நம் நொய்யல் ஆற்றின்மேல் விழுந்தது. 1956-ல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்கள், பருத்தி நூலோடு ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்பவை. எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காது. திருப்பூர் பனியனின் வர்ணங்களுக்கு இவையே ஆதாரம். ஆனால் சாயம் நீரை விட்டு நூலை நாட, தொட்டியில் ஏராளமாக உப்பைக் கொட்ட வேண்டும். ஆழ்ந்த நிறங்களுக்கு அந்த நீர் கடல்நீரைவிட உப்பாகிவிடும். நூல் உப்பை ஏற்பதில்லை. அவ்வளவும் கழிவோடு போகிறது. நூலில் ஒட்டாத சாயமும் உடன் செல்கிறது. நிறமாவது கண்ணுக்குத் தெரியும். உப்போ தெளிந்த நீரில் மறைந்திருந்து நிலத்தைச் சுடும். நொய்யலின் குறுக்கே 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குக் கட்டியது, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் தங்கள் வயலுக்கு நீர் விடாதீர்கள் என்று கெஞ்சும் நிலைமை வந்தது. தண்ணீருக்காக வழக்காடிய விவசாயிகளைக் கண்டிருக்கிறோம். தண்ணீர் வேண்டாமென்று வழக்காடியவர்களை அங்கேதான் கண்டோம்.

2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாதென்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்பதே காரணம். பல்லாயிரம் தொழிலாளிகள் வேலையிழந்து தவித்தார்கள். பிறகு ராஜ்ய சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்ப்பட்டு, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. கழிவை நுண்துளைச் சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி, நீரையும் பெரும்பகுதி உப்பையும் மீட்டு மறுபடி தொட்டிக்கே அனுப்பும் வித்தையைத் திருப்பூர் கற்றது. இதைச் செய்ய முடியாதென்று முன்பு சத்தியம் செய்தவர்களே செய்து காட்டினார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆனால் இந்த வித்தைக்கு மின்சாரமும் விறகும் பணமும் வேண்டும். அதை யார் கொடுக்கிறார்கள்? வெளிநாட்டுப் பெருவியாபாரிகள் பனியனுக்கு விலை பேசும்போது ஒவ்வொரு பைசாவுக்கும் போராடுகிறார்கள். சுத்தமான முறையில் செய்த சரக்குதானா என்று சான்றும் கேட்கிறார்கள். சான்றுக்கு உரிய விலையை மட்டும் கொடுக்க மனமில்லை. நஷ்டத்தைக் கீழே தள்ளிவிடும் பழைய சாமர்த்தியம் இதிலும் இருக்கிறது. தாவான் என்ற பெயர்தான் இல்லை. பட்டறைக்காரர் கூலியில் பிடிக்கலாம், அல்லது இரவில் மதகைத் திறக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் பாதிக்கப்படுபவன் விலை பேசிய இடத்தில் இல்லாதவன்.

ஆகையால், ஏற்றுமதிக்காரர்களின் சங்கங்கள் ஒன்றுகூடி, தங்கள் விலைச் சீட்டில் சாயக்கழிவைச் சுத்தம் செய்யும் செலவைத் தனி வரியாக எழுதிக் காட்ட வேண்டுமென்றும், அந்த வரியில் பேரம் இல்லையென்று அறிவிக்க வேண்டுமென்றும் நாம் வற்புறுத்துகிறோம். ஒருவர் மட்டும் எழுதினால் ஆர்டர் அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. எனவே வியாபார ஒப்பந்தங்கள் பேசும் மத்திய சர்க்கார் இதை ஒரு ஷரத்தாக்க முன்வர வேண்டும். காய்ச்சிய பின்னும் மிஞ்சும் கலப்பு உப்புக்கு வழி காண்பதும் அவசரமான காரியம். வாங்குவாரின்றி, புதைக்கவும் இடமின்றி, மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவரும் அந்த உப்பைத் தனித்தனி உப்புகளாகப் பிரித்து உபயோகிக்கும் முறையைச் சிக்கனமாக்கும் ஆராய்ச்சிக்கு, நம் சர்வகலாசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பத்து வருஷத்துக்குக் குறையாத மானியம் ஒதுக்கப்பட வேண்டும். லுத்விக்ஷாஃபன்காரர்கள் பதினேழு வருஷம் பொறுத்திருந்தார்கள்.